மிட்டாயைப் பிடுங்காதீர்கள், டீச்சர்

டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளையின் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசும்போது, பாதி நேரம் நோயைப் பற்றிய தப்பெண்ணங்களைத் திருத்துவதிலேயே போய்விடுகிறது. கேட்க வந்ததைக் கேட்பதற்குள் ஹெச்.எம். அறையில் அடுத்த ஆள் வந்து நிற்கிறார். உலகிலேயே டைப் 1 உள்ள குழந்தைகள் அதிகம் இருப்பது இந்தியாவில்தான் என்கிறது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு. ஆனாலும் “இந்த வயசுல சுகரா?” என்ற கேள்வியிலிருந்துதான் ஒவ்வொரு பெற்றோரும் தொடங்க வேண்டியிருக்கிறது.

“இனிப்பு தின்று வரவழைத்துக்கொண்டது”

இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அப்பா அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வருகிற டைப் 2 வேறு, இது வேறு. பிள்ளையின் நாக்கு ருசியோ தாயின் வளர்ப்போ இதற்குக் காரணமில்லை. சுரக்காத இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்துகொண்டிருந்தார்கள். இன்சுலினை வாய்வழியாகக் கொடுத்தால் செரித்துவிடும் என்பதால் இன்றைக்கும் பெரும்பாலும் ஊசி அல்லது பம்ப்தான் வழி. ஆவாரம்பூக் கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தம் அமிலமாகி, வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்புமாகப் பிள்ளை ஐ.சி.யு.வுக்குப் போக நேரிடும்.

இந்த முதல் தப்பெண்ணம் வகுப்பறைக்குள் நுழையும்போதுதான் ஆபத்து. “சுகர் வெச்சுக்கிட்டு மிட்டாயா?” என்று நல்லெண்ணத்தோடு பிடுங்கி மேசை டிராயரில் போடும் ஆசிரியர், பிள்ளையின் மருந்தைப் பிடுங்குகிறார். இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். அந்த நேரத்தில் உடனடியாகக் காப்பாற்றுவது மிட்டாயும் குளுக்கோஸ் பவுடரும்தான்.

“நேற்று நல்லாத்தானே இருந்தா, இன்னைக்கு நடிக்கிறா”

எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது இதுதான். இந்த நோய் வெளியே தெரிவதில்லை. கட்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை. காலையில் பிரேயரில் நின்று பாடிய பெண் பதினொன்றரைக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டால் சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடுகிறாள்.

பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்றாவது பீரியட், கணக்கு. முதல் நான்கு வரிகள் கோட்டின் மேல் நேராக இருக்கின்றன. ஐந்தாவது வரியில் எழுத்து சரிகிறது. ஆறாவதில் ஏழுக்கு மேல் ஒன்பதை எழுதி அடித்திருக்கிறாள். நெற்றியில் வியர்வை, விரலில் லேசான நடுக்கம். “என்னாச்சு?” என்றால் “ஒண்ணுமில்ல மிஸ்” என்கிறாள், கொஞ்சம் எரிச்சலோடு. ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நிலைமை இப்படித்தான் மாறும். மூளைக்குப் போக வேண்டிய எரிபொருள் குறைகிறது. தனக்கு உதவி தேவை என்று உணரும் திறனும் அதோடு மங்குகிறது. ஆகவே “வேணும்னா அவளே கேட்கட்டும்” என்ற ஏற்பாடு சரிவராது. கவனிக்க வேண்டியது பெரியவர்களின் வேலை.

சர்க்கரை ஏறினால் வேறு விதம். தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பாடத்தின் நடுவே மூன்று தடவை “மிஸ், பாத்ரூம்” என்று எழுந்திருப்பவளை உட்காரச் சொல்வது ஒழுக்கம் கற்றுக்கொடுப்பது ஆகாது. ஏற்றமும் இறக்கமும் ஒரே நாளில் வரலாம். நேற்று நன்றாக இருந்தது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

“மயக்கமா இருந்தா சிக் ரூமுக்கு அனுப்பிடுவோம்”

சர்க்கரை இறங்கிய பிள்ளையைத் தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது. மாடிப்படியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. இருந்த இடத்திலேயே, மேசையிலேயே, 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும்: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்து விரலைக் குத்திச் சோதித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் ஒரு ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சாப்பாட்டு நேரமும் இதோடு சேர்ந்ததுதான். காலையும் இரவும் மட்டும் கலப்பு இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு முற்பகல் சிற்றுண்டி தவறவே கூடாது. தமிழ்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, பள்ளியில் உப்புமா வரத் தாமதமானால், முதல் பீரியடிலேயே சர்க்கரை இறங்கலாம். ஊசியைப் பள்ளியிலேயே, தட்டு கைக்கு வருகிற நேரத்தில் போட வசதி செய்யலாமா என்று மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் சேர்ந்து பேச வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடம் போதும். நம் ஊர் மே, ஜூனில் அதற்கே ஒரு மண்பானையோ குளிர் பையோ வேண்டியிருக்கும்.

“பொம்பளப் புள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டுவா?”

இது பள்ளியின் தப்பெண்ணம் அல்ல, நம் வீட்டுடையது. ஊசியை டிபன் பைக்குள் ஒளித்து அனுப்பி, “பாத்ரூம்ல போய்ப் போட்டுக்கோ, யார்கிட்டயும் சொல்லாதே” என்று பிள்ளைக்குச் சத்தியம் வாங்கும் தாய்மார்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பயப்படுகிற உலகம் நிஜமானது. பாட்டியும் அத்தையும் மாமியாரும் என்ன பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த ரகசியத்துக்கு விலை கொடுப்பது குழந்தை. அசுத்தமான கழிப்பறையில், கதவை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, அவசரமாகக் குத்திக்கொள்கிற பெண் யூனிட்டைத் தவறாகத் திருப்பலாம். யாராவது வந்துவிட்டால் மதிய ஊசியையே விட்டுவிடுகிறாள். மயங்கி விழுந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரிக்குக்கூட என்ன செய்வதென்று தெரியாது. பத்து வருடங்கள் கழித்து வரப்போகும் மாப்பிள்ளைக்காக இன்றைய பதினொன்றரை மணியைப் பணயம் வைக்க வேண்டாம், அம்மா. வகுப்பாசிரியருக்கும் நெருங்கிய இரண்டு தோழிகளுக்கும் தெரிந்திருக்கட்டும். ஊரெல்லாம் சொல்லத் தேவையில்லை.

“விளையாட்டு ஆகாது”

ஆகும். வாசிம் அக்ரமுக்கு டைப் 1 இருப்பது 1997 வாக்கில் தெரியவந்தது. அதற்குப் பிறகும் 2003 வரை பாகிஸ்தானுக்காகப் பந்து வீசினார். ஓடினால் சர்க்கரை இறங்கும், அவ்வளவுதான். விளையாடுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும், பி.இ.டி. சாரின் பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

“ஊனச் சான்று இல்லையே, எதை வைத்துக் கேட்பது?”

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் 21 குறைபாடுகள் உள்ளன. ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவை அதில் உண்டு. டைப் 1 இல்லை. அதனால் கேட்க வழியே இல்லை என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். வழி இருக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. வகுப்பில் சர்க்கரை சோதிக்கவும், இன்சுலின் போடவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்கச் சொல்கிறது அந்தக் கடிதம். தேர்வறையில் தின்பண்டமும் தண்ணீரும் குளுக்கோமீட்டரும் கண்காணிப்பாளரிடம் இருக்கலாம். உடலில் ஒட்டிய சென்சார், பம்ப் ஆகியவற்றைக் கழற்றத் தேவையில்லை. சென்சாரோடு இணைந்த செல்போனையும் ஆசிரியரிடம் கொடுத்து வைக்கலாம்.

சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வில் மிட்டாய், பழம், சாண்ட்விச், தண்ணீர் பாட்டிலுக்கு அனுமதி தந்துவிட்டது. மருத்துவர் சான்றைப் பள்ளி வழியாக அனுப்ப வேண்டும். ஜே.இ.இ. மெயின் விதிகள் வேறு: சர்க்கரை மாத்திரையும் வாழைப்பழமும் உண்டு, பாக்கெட்டில் அடைத்த சாக்லேட்டும் சாண்ட்விச்சும் கூடாது. ஹால் டிக்கெட் வந்தபின் அலையாமல் அந்தந்தத் தேர்வின் விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

“எங்களால பொறுப்பெடுக்க முடியாது, டி.சி. வாங்கிக்கோங்க”

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றத் தடை விதிக்கிறது. 17-ஆம் பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் பேசித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் அந்த ‘முடியாது’க்குப் பின்னால் இருப்பது பயம்: ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விழும் என்ற பயம். யாரும் ஆசிரியரை ஊசி போடச் சொல்லவில்லை என்பதையும், என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பல பள்ளிகள் இறங்கி வருகின்றன.

அந்தத் தாளில் மருத்துவரின் கையெழுத்து இருக்கட்டும். சர்க்கரை இறங்கும்போது உங்கள் பிள்ளையிடம் தெரிகிற அறிகுறிகள், கொடுக்க வேண்டிய அளவு, இரண்டு போன் எண்கள், எப்போது கேட்டாலும் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் அனுமதி, சர்க்கரை இறங்கியிருந்தால் அன்றைய டெஸ்ட்டை வேறு நாள் எழுதும் வாய்ப்பு: இவ்வளவு போதும். ஒரு நகலில் பள்ளியின் முத்திரையோடு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் டீச்சர் மாறுவார், அதனால் பள்ளி திறந்த முதல் வாரமே மறுபடி கொடுக்க வேண்டும். மாலையில் பசியோடு வேனில் ஏறுகிற பிள்ளைக்கு வழியிலும் சர்க்கரை இறங்கலாம். வேன் டிரைவர் அண்ணனுக்கும் ஆயாம்மாவுக்கும் ஒரு நகலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் கொடுத்துவிடுங்கள்.