கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு

டிசம்பர் மாதம் பிறந்ததும், கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழும் தோட்டங்களில் ஒரு புதிய சுறுசுறுப்பைக் காணலாம். வீட்டு முகப்பில் காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே மூங்கிலும் காய்ந்த புல்லும் கொண்டு பாலனுக்குக் குடில் அமைப்பார்கள். முறுக்கும் அதிரசமும் வேகும் மணம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பரவும். டிசம்பர் 25ஆம் நாள் நம் நாட்டில் பொது விடுமுறை நாளாதலால், பிற சமயத்தைச் சேர்ந்த அன்பர்களும் அன்று நண்பர்களின் இல்லம் சென்று விருந்துண்டு வாழ்த்துக் கூறுவது வழக்கம்.

ஆனால் அதே டிசம்பர் மாதந்தான் மழை மாதமுமாகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், குறிப்பாகக் கிழக்குக் கரை மாநிலங்களில், நாள்கணக்கில் மழை விடாது பெய்யும். பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டினாலும் மங்கில் மழைநீர் கலந்து பால் வீணாகிவிடும். வெட்டு இல்லாத நாள்கள் பெருகினால் சம்பளம் குறையும் என்பதை இதழின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் அதே வேளையில், நான்கு கதவுகள் தள்ளி மற்றொரு வீட்டில் பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்க வழியின்றித் தாய் கலங்கி நிற்பதும் உண்டு.

அந்த வீட்டுக்கு உதவ வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. எப்படி உதவுவது என்பதுதான் கேள்வி. வறுமையைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர்கூட, தம் வறுமை ஊரார் கண்முன் விரிக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், இரத்தலைப் பற்றிய அதிகாரத்துக்கு அடுத்தே இரவச்சம் என்று மற்றோர் அதிகாரமும் வைத்தார். கேட்பதற்குக் கூசும் உள்ளத்தை அவர் அவ்வளவு மதித்தார் எனலாம்.

பெத்லகேம் வயலில்

இயேசு பிறந்த ஊர் பெத்லகேம் என்பது யாவரும் அறிந்ததே. எபிரேய மொழியில் அப்பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அவ்வூரில் நிகழ்ந்ததாக விவிலியம் கூறும் ஒரு வரலாறு, ரூத் என்னும் சிறு நூலில் உள்ளது. நான்கே அதிகாரங்கள் கொண்ட நூல் அது. கிறிஸ்துமஸ் காலத்தில் மேய்ப்பர்களையும் ஞானியரையும் பற்றிப் பேசுமளவுக்கு இந்த வரலாற்றைப் பேசுவோர் அரியர். கூலிக்கு உழைக்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை என்பது நம் கருத்து.

அப்பத்தின் வீட்டிலேயே ஒரு முறை பஞ்சம் வந்தது. நகோமி என்பவள் தன் கணவனோடும் இரு புதல்வர்களோடும் பிழைப்புத் தேடி மோவாப் நாட்டுக்குச் சென்றாள். அங்கே கணவன் இறந்தான். புதல்வர்கள் அந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் அவர்களும் இறந்தார்கள். வெறுங்கையோடு சொந்த ஊர் திரும்பப் புறப்பட்ட நகோமி, மருமகள்கள் இருவரையும் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னாள். ஒருத்தி அழுது விடைபெற்றாள். மற்றொருத்தியாகிய ரூத், மாமியாரை விட்டுப் பிரிய மறுத்து, தான் பிறந்த மண்ணையும் துறந்து அவளுடன் நடந்தாள். கணவன் இறந்த பிறகு மாமியாருக்கு என்ன கடமை என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நம்மில் பலருடைய குடும்பங்களிலும், இவ்வாறு உறவைத் தோளில் சுமந்த பெண்கள் இருந்திருப்பார்கள்.

இருவரும் பெத்லகேமை அடைந்தபோது வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருந்தது. (அந்நாட்டில் அது வசந்தகாலத்தில் வரும்; டிசம்பரில் அன்று.) இஸ்ரவேலரின் சட்டத்தில் ஒரு சிறப்பான விதி உண்டு. நிலத்தின் சொந்தக்காரன் வயலின் ஓரங்களை முற்றிலும் அறுத்துவிடக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அவை ஏழைக்கும் அயல்நாட்டானுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 24ஆம் அதிகாரத்திலும் இவ்விதிகளைக் காணலாம். இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏழை கையேந்தி நிற்பதில்லை. அவனும் வயலில் இறங்கி, குனிந்து, தன் உழைப்பால் தானியம் சேர்க்கிறான். மாலையில் வீடு திரும்பும்போது அவன் கையில் இருப்பது பிச்சையன்று.

ரூத் அவ்வாறே கதிர் பொறுக்கச் சென்றாள். அந்த வயல் போவாஸ் என்னும் செல்வருக்குரியது. அவர் வந்ததும் முதலில் வேலையாள்களை வாழ்த்தினார். அவர்களும் பதில் வாழ்த்துக் கூறினார்கள். நிருவாகம் செய்வோர் இச்சிறு செய்தியையும் படிப்பது நலம். பிறகு அவர் மேற்பார்வைக்காரனிடம், நம் தோட்டத்து மண்டோரைப் போன்றவனிடம், இந்தப் பெண் யார் என்று கேட்டார். மோவாபிலிருந்து நகோமியுடன் வந்தவள், காலை முதல் ஓயாமல் உழைக்கிறாள் என்று அவன் கூறினான். போவாஸ் அவளிடம், வேறு வயலுக்குப் போக வேண்டாம், என் வேலைக்காரிகளோடு இரு என்றார். எவனும் அவளிடம் தகாத முறையில் நடந்துகொள்ளக் கூடாது என்று ஆண்களுக்குக் கட்டளையிட்டதையும் தெரிவித்தார். தாகம் எடுத்தால் வேலையாள்கள் மொண்டு வைத்த குடத்திலிருந்தே குடிக்கலாம் என்றார். தனித்து வேலை செய்யும் பெண்ணுக்குத் தானியத்திற்கு முன் தேவைப்படுவது அச்சமின்மை என்பதை அவர் அறிந்திருந்தார்.

உணவு வேளையில் அவளை அழைத்துத் தம் ஆட்களோடு உட்காரவைத்து, வறுத்த தானியம் கொடுத்தார். அவள் உண்டு, நிறைவடைந்து, மீதியை மாமியாருக்காக எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் எழுந்து மீண்டும் கதிர் பொறுக்கப் போன பிறகு, போவாஸ் தம் ஆட்களிடம் ஒரு கட்டளையிட்டார். கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிக் கீழே விட்டுவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றார். இக்கட்டளை ரூத்தின் காதில் விழுந்ததாக நூல் கூறவில்லை. மாலையில் அவள் கதிர்களைத் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஓர் எப்பா, அதாவது சுமார் 22 லிட்டர் அளவு தானியம் இருந்தது. கதிர் பொறுக்கும் ஒருத்திக்கு அது மிகப் பெரிய அளவு. நகோமி அதைப் பார்த்த மாத்திரத்தில், இன்று யாரோ உன்மீது கருணை காட்டியிருக்கிறார் என்று உணர்ந்துகொண்டாள்.

பின்னர் போவாஸ் ரூத்தை மணந்தார். அவர்களுடைய பேரனுக்கு மகனே தாவீது அரசர். மத்தேயு நற்செய்தி இயேசுவின் வம்சப் பட்டியலோடு தொடங்குகிறது. அதில் அயல்நாட்டு விதவையாகிய ரூத்தின் பெயர் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது.

முகம் காட்டாத கைகள்

போவாஸ் கொண்ட முறையே பிற்காலத்துக் கிறிஸ்துமஸ் மரபுகளிலும் தொடர்வதைக் காண்கிறோம். இன்று கடைத்தெருவில் சிவப்பு உடையும் வெண்தாடியுமாக நிற்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலம், நான்காம் நூற்றாண்டில் மீரா என்னும் ஊரில் வாழ்ந்த ஆயர் நிக்கோலஸ் ஆவார். அவ்வூர் இன்று துருக்கி நாட்டில் தெம்ரே என வழங்குகிறது. அவருடைய திருநாள் டிசம்பர் 6. நொடித்துப்போன ஒரு தந்தை, சீதனம் கொடுக்க வகையின்றித் தம் மூன்று பெண்களையும் இழிந்த வாழ்வுக்கு விற்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்றும், நிக்கோலஸ் இரவில் அவ்வீட்டுச் சாளரத்தின் வழியே பொன் முடிப்பை எறிந்துவிட்டு மறைந்தார் என்றும் மரபுக்கதை கூறும். இவ்வாறு மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை தந்தை ஓடிவந்து பிடித்துக்கொண்டபோது, இதை எவரிடமும் சொல்லாதே என்று நிக்கோலஸ் வேண்டிக்கொண்டாராம். சீதனக் கொடுமையை அறிந்த நமக்கு அந்தத் தந்தையின் நிலை விளங்காமற் போகாது. தருமத்தைப் பிறர் காணச் செய்யாதே என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் உள்ள போதனையை அவர் அப்படியே நடத்திக் காட்டினார்.

ஆங்கில எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், 1843ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு குறுநாவலை வெளியிட்டார். முதலில் அச்சிட்ட 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. டிக்கன்ஸ் வறுமையை ஏட்டில் படித்தவர் அல்லர். 1824இல் அவருடைய தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, 12 வயதுச் சிறுவனான அவர் காலணி மெருகுப் பசை செய்யும் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். அவர் கதையில் வரும் எழுத்தர் பாப் கிராட்சிட் வாரம் 15 ஷில்லிங் சம்பளத்தில் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். அவர்கள் வீட்டில் வாத்தைச் சுட அடுப்பு வசதி இல்லை. ரொட்டிக் கடைக்கு அனுப்பிச் சுட்டுவருகிறார்கள். பண்டம் சிறியது, வாய்கள் பல. ஆயினும் இது போதாது என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. (அந்த நூலின் விலை 5 ஷில்லிங். பாப் அதை வாங்க நினைத்திருந்தால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்!)

மனம் திருந்திய முதலாளி ஸ்குரூஜ், பெரிய வான்கோழி ஒன்றை வாங்கி, அனுப்பியவர் யார் என்று தெரியாதபடி பாப் வீட்டுக்கு அனுப்புகிறார். ஆனால் டிக்கன்ஸ் அதோடு முடிக்கவில்லை. மறுநாள் பாப் வேலைக்கு வந்ததும் ஸ்குரூஜ் அவருடைய சம்பளத்தை உயர்த்துகிறார். வான்கோழி இரகசியம், சம்பள உயர்வு வெளிப்படை. அன்பளிப்பை மறைத்துக் கொடுக்கலாம், உரிமையை நேருக்கு நேர் கொடுக்க வேண்டும் என்னும் வேறுபாடு இதில் தெளிவாகத் தெரிகிறது. பண்டிகைக் கூடை எதுவும் நியாயமான கூலிக்கு ஈடாகாது.

நம் லயங்களில்

இக்காலத்தில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதனால் ஒரு புதிய பழக்கம் தோன்றியிருக்கிறது. அரிசியும் பருப்பும் அடங்கிய பையைக் கொடுப்பவர் ஒரு புறம், பெறுபவர் மறு புறம் நின்று படம் எடுத்து, அதை ஊரெல்லாம் பரப்புகிறார்கள். நன்கொடை தந்தோருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். கணக்கை ஏட்டில் காட்டலாம். பொருள்களைப் படம் எடுக்கலாம். பெறுபவரின் முகம் எதற்கு? அந்தப் படத்தை அவர் பிள்ளையின் பள்ளித் தோழர்களும் பார்ப்பார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கீதம் பாடி வீடுவீடாகச் செல்லும் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டு முடிந்ததும் காணிக்கைப் பெட்டியை நீட்டுவது வழக்கம். வேலை இழந்த வீடு எது, நோயாளி இருக்கும் வீடு எது என்பது குழுத் தலைவருக்குத் தெரியாமல் இராது. அங்கே பாடி, செபித்து, பெட்டியை நீட்டாமல் வந்துவிடலாம். எல்லா வீட்டிலும் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, விரும்பியவர் இடட்டும் என்று விலகி நிற்பது அதைவிட நல்லது.

பிள்ளைகளின் துணி விஷயத்திலும் இதே கவனம் தேவை. ‘இல்லாத வீட்டுப் பிள்ளை’ என்று பொது இடத்தில் பெயர் கூப்பிட்டுச் சட்டை கொடுப்பதைவிட, அளவை முன்பே அறிந்து, தாயிடம் சில நாள்களுக்கு முன்னதாகச் சேர்ப்பித்துவிட்டால், அந்தப் பிள்ளை தன் தாய் எடுத்துத் தந்த சட்டை என்றே அணிந்துகொள்ளும்.

மற்றொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிறர் முன் குறைந்து தெரியக் கூடாது என்று வட்டிக்கடைக்காரரிடம் கடன் பெற்றுத் திறந்த இல்ல உபசரிப்பு நடத்தும் குடும்பத் தலைவர்கள் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த அளவு வருமானத்தில், உரிமமற்ற வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் ஒரு நாள் விருந்தை ஓராண்டுத் துன்பமாக்கிவிடும். விருந்தினருக்குக் காட்டும் தாராளத்தை மனைவி மக்களின் உணவிலிருந்து எடுப்பது தாராளம் ஆகாது. மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு சிறு காசுகளை இயேசு போற்றினார். அவள் கடன் வாங்கி இட்டதாக அங்கே இல்லை.

இன்று நம் தோட்டங்களில் அயல்நாடுகளிலிருந்து வந்து வேலை செய்வோர் பலர் உள்ளனர். விடுமுறை நாளில் அவர்கள் தங்கும் வீடுகளில் அடுப்பெரியும். ஆனால் பேச ஆள் இராது. அவர்களும் ரூத்தைப் போல் குடும்பத்துக்காகத் தாய்நாட்டை விட்டு வந்தவர்களே. கிறிஸ்துமஸ் அன்று ஒருவரையேனும் அழைத்து, பிள்ளைகளோடு உட்காரவைத்து உணவளிக்கலாம். அவர் இஸ்லாமியராயின் ஹலால் முறைப்படி சமைத்ததை மட்டுமே, அதற்கென வைத்துள்ள பாத்திரத்தில் கொடுப்பது மரியாதை.

பலகாரத் தட்டு அனுப்புவதில் நம் தாய்மார்கள் நெடுங்காலமாகக் காத்துவரும் ஒரு வழக்கம் உண்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது இட்டே அனுப்புவார்கள். இதனால் பெற்றவரும் உடனே கொடுத்தவராகிவிடுகிறார். ஆகையால், இல்லாத வீட்டுக்கு அனுப்பிய தட்டு, லயத்தின் பின்னால் பறித்த முருங்கைக் கீரையோடு திரும்பி வந்தால், ‘எதற்கு இதெல்லாம்’ என்று மறுக்காமல் இரு கையாலும் வாங்கி, அன்றைய சமையலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கீரை நன்றாயிருந்தது என்று மறுநாள் அவர்களிடம் சொல்லியும் விடுங்கள்.