யுத்தம் வழியை அடைத்தபோது

வயலையும் மாட்டையும் விட்டு வந்தவர் மண்வெட்டியோடு கட்டிட வேலைத்தலத்துக்குப் போவது எமது செங்கலடிப் பகுதியில் புதிதல்ல. அன்றாடக் கூலியோடு அவரது வாழ்வு நின்றுவிட வேண்டுமா? இக்கேள்வியை மனதில் வைத்து, பெரியதொரு கட்டிட நிறுவனத்தைத் தோற்றுவித்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம்.

ஹென்னிங் ஹோல்க்-லார்சன் 1907இல் டென்மார்க் நாட்டில் பிறந்தவர்; இரசாயனப் பொறியியலாளர். சீமெந்து இயந்திரங்கள் செய்யும் டேனிஷ் கம்பனியொன்றின் ஊழியராக இந்தியாவுக்கு வந்தார். அதே கம்பனியின் சிவில் பொறியியலாளரான சோரன் டூப்ரோ, கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துவதற்காக 1934இலேயே வந்திருந்தார். இருவரும் 1938இல் பம்பாயில் பங்குதாரர்களாகி, ‘லார்சன் அண்ட் டூப்ரோ’ என்ற பெயரில் தொழில் தொடங்கினர். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இருந்து வேலை செய்யக்கூடிய அளவுக்கு அவர்களது அலுவலகம் சிறியது. டென்மார்க்கிலிருந்து பால்பண்ணை இயந்திரங்களை வரவழைத்து விற்றனர்.

1939இல் உலக யுத்தம் மூண்டது. 1940இல் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும் அங்கிருந்து பொருட்கள் வருவது நின்றது. விற்பதற்கு ஒன்றுமில்லை. யுத்தம் முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சிறு பட்டறை அமைத்து, வராத இயந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கினர். யுத்தத்தில் சேதமடைந்த கப்பல்களைத் திருத்திக் கொடுத்தனர். டாட்டா நிறுவனத்துக்குச் சோடாத் தொழிற்சாலை அமைக்கவிருந்த ஜெர்மன் பொறியியலாளர்கள் தடுத்துவைக்கப்பட்டபோது, அந்த வேலையும் இவர்களிடம் வந்தது. அந்த அனுபவத்தின் வழியே 1944இல் தனிக் கட்டிட நிறுவனம் உருவாயிற்று. டெல்லியில் 1986இல் திறக்கப்பட்ட தாமரைக் கோவிலைக் கட்டியது அந்த நிறுவனமே. ஹோல்க்-லார்சன் 1976இல் மகசேசே விருது பெற்றார். 2003இல் மும்பையில் காலமானார்.

அவர் படித்த பொறியியலாளர். அந்நாளைய இந்தியாவில் ஐரோப்பியருக்குக் கதவுகள் எளிதில் திறந்தன. நிலம் இழந்த விவசாயியின் நிலை அதுவல்ல. ஆகவே அவரது செல்வத்தைவிட அவர் நடந்த வழியே எமக்குப் பாடம். அதில் மூன்றைக் குறிப்பிடலாம்.

1. கையில் மிஞ்சிய திறமையைக் கணக்கெடுத்தார். வரம்பு கட்டவும் வாய்க்கால் வெட்டவும் நீர்மட்டம் பார்க்கவும் அறிந்த விவசாயிக்கு மண்வேலை கைவந்த கலை. அதற்கும் விலையுண்டு.

2. திருத்த வேலையைச் சிறிதாக எண்ணவில்லை. கிணறு, மதகு, கூரை திருத்துவதை ஒழுங்காகச் செய்பவரை ஊர் மீண்டும் தேடி வரும்.

3. தனியாக நிற்கவில்லை. ஒருவருக்கு இல்லாத அறிவு மற்றவரிடம் இருந்தது. ஒரு மேசன், ஒரு தச்சர், மண்வேலை தெரிந்த இருவர், கணக்கு எழுதக்கூடிய ஒரு பெண் சேர்ந்தால் ஒரு குழு உண்டு. சிறு வேலைகள் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மூலம் ஒப்பந்தமாகக் கிடைப்பதுண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முற்பணம், பொருட்செலவு, ஒவ்வொருவருடைய நாட்சம்பளம், இலாபப் பங்கு யாவும் வேலை தொடங்குமுன் எழுத்தில் இருக்கட்டும். எழுதாத கணக்கு உறவையும் முறிக்கும், வேலையையும் முறிக்கும்.

கலந்துரையாட:

அ. எமது கிராமத்தில் என்னென்ன கைத்தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்? பெயர்ப்பட்டியல் தயாரிப்போம்.

ஆ. வெளி ஒப்பந்தக்காரர் செய்யும் எந்த வேலையை நாமே ஏற்கலாம்?

இ. கணக்கை யார் எழுதுவது, யார் பரிசோதிப்பது?