முதியோர் மனச்சோர்வும் மூப்படைந்த சுண்டெலியும்

பிரட்டுக்குச் செல்வதற்காக நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பழகியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அதே நேரத்தில் விழித்துக்கொள்கிறார். ஆனால், அவர் செல்வதற்கு ஓர் இடமில்லை. நாளடைவில் உணவு குறைகிறது, உறக்கம் கெடுகிறது, கோயில் திருவிழாவிலும் நாட்டமில்லை. “வயதாகிவிட்டது, வேறென்ன?” என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். இந்த ‘வேறென்ன’ என்பதற்கு ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளைக் கொண்டு விடை தேடுகின்றனர் என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

இன்று சிலாங்கூரின் தலைநகராக விளங்கும் ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் செழித்திருந்த நிலமாகும். அத்தகைய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் முதுமையைக் கழிக்கின்றனர். 2018ஆம் ஆண்டில் நமது சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அதாவது, ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர். மூப்பு மட்டுமே காரணமானால் ஒன்பது பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

மனிதனின் முதுமையை ஆராய அறுபது, எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சுண்டெலியோ இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்கிறது. இரண்டு வயதுச் சுண்டெலியை ஏறத்தாழ எழுபது வயது மனிதருக்கு ஒப்பிடலாம். அதன் மூளையிலும் நம்முடையதைப் போலவே நினைவுக்கும் மனநிலைக்கும் தொடர்புடைய பகுதிகள் உள்ளன.

ஆனால், “எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று எலி வாய்திறந்து சொல்லாது. ஆகவே அதன் நடத்தையையே ஆய்வாளர்கள் கவனிக்கின்றனர். கூண்டில் இரண்டு புட்டிகள் வைக்கப்படும். ஒன்றில் வெறும் நீர், மற்றொன்றில் சர்க்கரை நீர். நலமான எலி இனிப்பையே நாடும். சோர்வுற்ற எலிக்கு இரண்டும் ஒன்றே. 1977இல் ரோஜர் போர்சோல்ட் என்ற ஆய்வாளர் மற்றொரு சோதனையை அறிமுகப்படுத்தினார். நீரில் விடப்பட்ட எலி எவ்வளவு நேரம் நீந்துகிறது, எப்போது அசைவற்று மிதக்கிறது என்று அதில் கணக்கிடுவர். மிதப்பது நம்பிக்கையிழப்பா, அல்லது வலிமையைச் சேமிக்கும் அறிவுடைமையா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. நம் கருத்தில், சர்க்கரை நீர்ச் சோதனையே எளிதில் விளங்குவது.

2023இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தார் ஒரு முடிவை வெளியிட்டனர். ஜி.டி.எஃப்.11 என்னும் புரதத்தை வயதான சுண்டெலிகளின் உடலில் செலுத்தியபோது, அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டது. சோர்வு நடத்தையும் குறைந்தது. உயிரணுக்கள் தம்முள் தேங்கும் கழிவைத் தாமே செரித்துத் துப்புரவு செய்துகொள்ளும் இயல்புடையவை. மங்கில் ஒட்டிய பழம்பாலை அகற்றாவிட்டால் புதுப்பால் கெடுவதைப் போல, கழிவு தேங்கினால் நரம்பணுவும் நலிகிறது. அத்துப்புரவுப் பணியை இப்புரதம் தூண்டிவிட்டது.

மனச்சோர்வு நோயாளர்களின் இரத்தத்திலும் இப்புரதம் குறைவாகவே இருந்தது. எனினும் அந்நோயாளர்கள் இளவயதினர். முதியோருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. இது இன்னும் மருந்தாகவும் வரவில்லை. துணையை இழந்த துயரையும், பிள்ளைகள் தொலைவில் வாழும் தனிமையையும் கூண்டில் அளக்கவும் இயலாது. ஆயினும், சோர்வுக்கு உடலிலும் வேர் உண்டு என்பதை எலி நமக்குக் காட்டுகிறது.

நம் பெரியவர்களும் கவலையை வாய்விட்டுக் கூறுவது அரிது. “உடம்பெல்லாம் வலி, பசியில்லை” என்றே சொல்வர். விரும்பிக் குடித்த தேநீரையும் வேண்டாம் என்கிறாரா, பேரப்பிள்ளைகளிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாரா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். இவ்வாறு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். தைராய்டுச் சுரப்புக் குறைவும் சில மருந்துகளும்கூட இத்தகைய சோர்வைத் தரக்கூடும் என்பதால், உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்வது நன்று. “இருந்து என்ன பயன்?” என்று பெரியவர் கூறினால், அதனை முணுமுணுப்பாக எண்ணி ஒதுக்காமல் அன்றே உதவி நாடவேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் உண்டு பார்த்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்துவோர் பலர். மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு நிறுத்தலாகாது.