மலைவாழ் வெள்ளாடு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகக் கல்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அங்கு வாழும் மலையாளி எனப் பெயர்பெற்ற பழங்குடியினர் சாமையும் தினையும் விளைப்பர், வெள்ளாடும் வளர்ப்பர். விளைவு பொய்த்த ஆண்டில் கைப்பொருளாக உதவுவது அவ்வாடே.

செம்மறியாடு தலை குனிந்து புல் மேயும். வெள்ளாடோ தலை நிமிர்ந்து தழை தேடும். பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, முன்னங்கால்களை மரத்தின்மீது சார்த்தி, அது கொழுந்தினைக் கொய்யும் காட்சி காணத்தக்கது. மேல்தாடையில் அதற்கு முன்பற்கள் இல்லை. தடித்த ஈறே உண்டு. எனினும் முள்ளிடையே உள்ள இலையையும் உதட்டாலும் நாவாலும் நேர்த்தியாகப் பறித்துவிடும்! விரைந்து விழுங்கிய தழையைப் பின்னர் நிழலிற் படுத்து அசைபோடும். அதன் இரைப்பை நான்கு அறைகளை உடையது. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் பொதி சுமக்கும் இலாமா என்னும் விலங்கும் அசைபோடுவதே. ஆயின் அதன் இரைப்பையில் அறைகள் மூன்றே. பாறையில் வழுக்காதிருக்க இலாமாவுக்கு மெத்தென்ற உள்ளடி அமைந்துள்ளது. வெள்ளாட்டுக்கோ ஓரம் கடினமாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் உள்ள பிளவுபட்ட குளம்பு.

சினையுற்ற ஆடு ஏறத்தாழ 150 நாளில் குட்டி ஈனும். இரட்டைக் குட்டிகள் பிறத்தல் அரிதன்று. தாய் தன் குட்டியை மோப்பத்தால் அறியும். பிற குட்டி பாலுண்ண வரின் முட்டி விலக்கும்.

கொழுந்து கொய்யும் அத்திறமே காட்டுக்குக் கேடாவதும் உண்டு. மரக்கன்றின் நுனியை ஆடு மீண்டும் மீண்டும் கடித்தால் கன்று ஓங்கி வளராது. இதனை ஆட்டின் குற்றம் என்பர் சிலர். பசித்த உயிர் மரத்தின் வருங்காலத்தை எண்ணுமோ? எண்ண வேண்டியவர் மேய்ப்பவரே. மந்தையை ஓரிடத்திலேயே நிறுத்தாது இடம் மாற்றி மேய்த்தால் கன்றுகள் தலையெடுக்கும். கொல்லையில் அகத்தியை வளர்த்துத் தழை ஒடித்துப் போடின், ஆடு காட்டை நாடும் பொழுதும் குறையும்.