டிராக்டர் விளக்கினுள் ஈரம்: காரணமும் பரிகாரமும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் சுற்றுக் கிராமங்களில், ஐப்பசி கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் டிராக்டர்களின் முகப்பு விளக்குக் கண்ணாடியில் உட்புறமாக நீர் பூப்பதுண்டு. இதன் காரணத்தைக் குடியானவர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

விளக்கு எரியுங்கால் உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து, பின்புறச் சிறு துவாரத்தின் வழியே வெளியேறும். அணைத்தபின் ஈரமுள்ள வெளிக்காற்று உட்புகும். அதிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியிற் படிந்து துளியாகும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பு வெளியே வியர்ப்பதும் இவ்வியல்பினாலேயாம்.

மெல்லிய படலம் விளக்கெரிந்த சிறிது நேரத்தில் மறையுமாயின் அது பழுதன்று. அடியில் நீர் தேங்குமாயின், கண்ணாடியில் வெடிப்புண்டா, ரப்பர் வளையமும் பின்மூடியும் நைந்துள்ளனவா என்று சோதிக்க வேண்டும். துவாரத்திலுள்ள சேற்றை நீக்க வேண்டும். அதை மெழுகிட்டு அடைத்தல் தவறு. உட்சென்ற ஈரம் வெளியேற வழியிராது.

உலர்த்துவதற்கு, பேட்டரி இணைப்பை நீக்கி, விளக்கு ஆறியபின் பல்பைக் கழற்றி, விளக்கை வெயிலில் வைக்கலாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகச் சூடேறிப் பல்பு விரைவிற் கெடும். நைந்த ரப்பரை மாற்றிய பின்னரே விளக்கைப் பொருத்த வேண்டும். வண்டி கழுவுகையில் விசைநீரை விளக்கின்மேல் நேரே பாய்ச்சலாகாது.

ஈரம் நீடித்தால் உள்ளிருக்கும் வெள்ளிநிறப் பூச்சு கறுத்து ஒளி மங்கும். நெல்லேற்றி இரவில் அரிசி ஆலைக்குச் செல்பவருக்குச் சாலையில் நடப்போரும், விளக்கில்லா மாட்டுவண்டியும், விடியலில் தெருவிற் பாவு விரிக்கும் நெசவாளரும் தென்படாமற் போகலாம். ஆதலின் புரட்டாசியிலேயே விளக்குகளைச் சோதித்தல் நலம். கிராம அதிகாரிகளும் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.