ஆயிரம் திர்ஹம் கண்டிக்கு வந்து சேரும்போது

கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்கள், மாதத்தில் ஒரு நாளாவது கண்டி நகரத்து வங்கிகளின் வாசலில் நிற்பதைக் காண்கிறோம். "இந்த மாதம் அம்மா எவ்வளவு அனுப்பினார்?" என்று கேட்டால் ரூபாவில் பதில் வரும். "அங்கே எத்தனை திர்ஹம் கட்டினார்?" என்று கேட்டால் அநேகருக்குத் தெரியாது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் பணம் நழுவுகிறது. அந்த இடைவெளியைப் பற்றியதே இப்பாடம்.

வெளிநாட்டுப் பணத்தை ரூபாவாக மாற்றித் தருபவர் தமது கூலியை இரண்டு இடங்களில் எடுக்கிறார். ஒன்று, பற்றுச்சீட்டில் எழுதப்படும் கட்டணம். மற்றது, அவர் எமக்குத் தரும் மாற்று வீதத்துக்குள் ஒளிந்திருப்பது. "கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்பவரும் சும்மா வேலை செய்வதில்லை. அவர் இரண்டாவது இடத்தில் எடுத்துக்கொள்கிறார்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஐக்கிய அரபு இராச்சியத்தின் திர்ஹம் பல ஆண்டுகளாக அமெரிக்க டொலருடன் கட்டப்பட்டிருக்கிறது: ஒரு டொலருக்கு 3.6725 திர்ஹம். சவூதி ரியால் 3.75, கட்டார் ரியால் 3.64. ஆகவே மத்திய வங்கி அன்றாடம் வெளியிடும் டொலர் வீதத்தை இந்த எண்ணால் வகுத்தால், ஒரு திர்ஹமின் அல்லது ரியாலின் நியாயமான விலை தெரிந்துவிடும். குவைத் தினாருக்கு மட்டும் இக்கணக்குப் பொருந்தாது; அது 2007 முதல் பல நாணயங்களின் கூட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது.

இனி ஒரு கணக்குச் செய்வோம். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு திர்ஹம் 81 ரூபா 69 சதம். ஆயிரம் திர்ஹமுக்கு 81,690 ரூபா வரவேண்டும். முதலாவது கடை 20 திர்ஹம் கட்டணம் கேட்கிறது; வீதம் 81.50. மிஞ்சிய 980 திர்ஹமுக்கு 79,870 ரூபா கிடைக்கும். இரண்டாவது கடையில் கட்டணமே இல்லை, வீதம் 79.50. கிடைப்பது 79,500 ரூபா. இலவசக் கடையில் 370 ரூபா குறைவு.

சரி, முதலாவது கடையே நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? 500 திர்ஹம் அனுப்பிப் பாருங்கள். முதலாவதில் 39,120, இரண்டாவதில் 39,750. இப்போது இலவசக் கடை 630 ரூபா கூடத் தருகிறது! 2,000 திர்ஹம் அனுப்பினாலோ முதலாவது கடை 2,370 ரூபா முந்துகிறது. ஆக, எப்போதும் மலிவான கடை என்று ஒன்று கிடையாது. அனுப்பும் தொகையைச் சொல்லி, "எல்லாம் போக இலங்கையில் கையில் எத்தனை ரூபா?" என்று இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில் கேட்பதே வழி. இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்பது கணக்குப்படி உண்மை. ஆனால் வேலை செய்யும் வீட்டில் பணத்தைப் பூட்டி வைக்க இடமில்லாத பெண்ணுக்கும், இங்கே கடைக் கடனோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் புத்திமதியைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சிறு தொகை அனுப்புவோரே விகிதப்படி கூடுதலாக இழக்கின்றனர். இச்செலவை 2030இல் நூற்றுக்கு மூன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டுமென ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வைத்திருப்பதும் இதனால்தான்.

பஸ் கூலியையும் இழந்த நாட்சம்பளத்தையும் இக்கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். கண்டிக்கு வந்து கையில் வாங்குவதைவிட, கணக்கில் இடச்செய்து பக்கத்துச் சிறு நகரத்தில் எடுப்பது பலருக்கு இலாபம். அந்தக் கணக்கு உழைப்பவரின் சொந்தப் பெயரில், அவர் புறப்படுமுன் திறந்ததாக இருப்பது இன்னும் நல்லது. காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

சேவை முடிந்து பெருந்தொகையோடு திரும்புவோர் எல்லாவற்றையும் அன்றே ரூபாவாக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் பின், தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைத்து, தேவைப்படும்போது மாற்றலாம். பெருந்தொகை மாற்றும்போது பலகையில் உள்ள வீதத்தைவிடச் சற்றுக் கூட்டித் தருமாறு முகாமையாளரிடம் கேட்கலாம்; கேட்பதில் வெட்கமில்லை. நோட்டாகக் கொண்டுவந்தால் வங்கி வழியாக வரும் பணத்தைவிட வீதம் பொதுவாகக் குறைவு. சில்லறைக் காசை எவரும் வாங்குவதில்லை. பெட்டிக்குள் பழைய குவைத் நோட்டு வைத்திருப்போரும் உண்டு. ஐந்தாம் வெளியீட்டு நோட்டுகளை மாற்றுவதற்கு அந்நாட்டு மத்திய வங்கி தந்த காலக்கெடு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

இனி உண்டியல். 2021இன் இறுதியில் வங்கிகள் டொலருக்கு 200 ரூபாவைச் சுற்றியே தந்தன. உண்டியல்காரர் 240 ரூபாவும் தந்தார். ஆயிரம் திர்ஹமுக்கு ஏறக்குறைய 10,900 ரூபா வித்தியாசம். அவ்வாண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்: பதினொரு நாள் கொழுந்துக்குச் சமம். மத்திய வங்கி டிசெம்பரில் டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை அறிவித்தும் இடைவெளி மூடவில்லை. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமல் அதே குடும்பங்களே வரிசையில் நின்றன. தாய்மாரைத் தேசத்துரோகிகள் என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சந்தைக்குப் பொருந்தாத விலையைப் பிடித்து வைத்தவர்கள் அவர்கள் அல்லவே.

2022 மார்ச்சில் அந்தப் பிடி தளர்த்தப்பட்டபின் டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. இடைவெளி சுருங்கியதும் பணமும் வங்கிக்குத் திரும்பியது: 2023இல் 597 கோடி. இன்று உண்டியல்காரர் ஓரிரு ரூபா கூட்டித் தந்தாலும் பற்றுச்சீட்டு இல்லை. பணம் வராவிட்டால் முறையிட இடமில்லை. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது, ஐந்து வருடம் அனுப்பினோம் என்று காட்ட ஒரு தாளும் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கடைசியாக வந்த பணத்தின் விபரத்தை எடுத்து வாருங்கள். அங்கே கட்டிய தொகை, கட்டணம், தந்த வீதம், இங்கே கிடைத்த ரூபா என்ற நான்கையும், அன்றைய மத்திய வங்கி வீதத்தோடு ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். தெரியாத எண்ணை இந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுக்கொள்ளலாம்.