ஓடிவிட்டால் சரியாகிவிடுமா?

அன்புள்ள தம்பிக்கு,

"புரோகிராம் சரியாகத்தானே ஓடுகிறது, ஆசிரியர் ஏன் மதிப்பெண்ணைக் குறைத்தார்?" என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பியதை வரிவரியாகப் படித்தேன். ஆசிரியர் செய்தது சரி.

மாணவர் ஸ்ட்ரக்சருக்கு 'பி' என்று ஒரு பாயிண்டர் வைத்திருக்கிறாய். அறிவித்தவுடன் கிடைப்பது ஒரு முகவரியை எழுதி வைக்கும் இடம் மட்டுமே. மாணவரின் விவரங்களுக்கு மாலாக்கிடம் தனியாக இடம் கேட்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சைஸ்ஆஃப்(பி) என்று கேட்டுவிட்டாய். 64 பிட் கணினியில் அது 8 பைட், வெறும் பாயிண்டரின் அளவு. உன் ஸ்ட்ரக்சருக்கோ 24 பைட் வேண்டும்: பதிவெண்ணுக்கு 4, பெயரைச் சுட்டும் பாயிண்டருக்கு 8, சராசரிக்கான டபுளுக்கு 8. மீதி 4, பாயிண்டர் 8இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் நடுவில் விட்ட வெற்றிடம்.

பிறகு எப்படி ஓடியது? உன் லினக்ஸில் இருக்கும் ஜிலிப்சி, 8 பைட் கேட்டாலும் 24 பைட் புழங்கும் அளவுக்குத் துண்டு தருகிறது. உன் பிழை அதற்குள் ஒளிந்துகொண்டது. நாளைக்கு ஸ்ட்ரக்சரில் இன்னொரு டபுளைச் சேர்த்தாயானால், அடுத்த துண்டைப் பற்றி மாலாக் எழுதி வைத்திருக்கும் கணக்கின்மேல் எழுதிவிடுவாய். அப்போதும் அந்த வரியில் விழாது. சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீயிலோ அடுத்த மாலாக்கிலோ போய் விழும். சி மொழியில் மனிதரை வாட்டும் பிழை இதுதான்.

ஆகவே சைஸ்ஆஃப்(*பி) என்று எழுதிப் பழகு. பி எந்த வகையைச் சுட்டினாலும் அளவு தானாகப் பொருந்தும். முன்னால் காஸ்ட் வேண்டாம்; 1989இன் ஆன்சி தரம் முதலே மாலாக் திருப்பித் தருவது வாய்டு பாயிண்டர். நல் வந்ததா என்று மட்டும் தவறாமல் பார்.

பெயருக்கும் ஒரு வார்த்தை. ஸ்ட்ரக்சருக்கு இடம் வாங்கினால் பெயரின் எழுத்துகளுக்கு இடம் வந்துவிடாது. அதற்குத் தனி மாலாக் வேண்டும். நீளத்தோடு ஒன்று கூட்டு, முடிவுக்குறிக்காக. விடுவிக்கும்போது பெயரை முதலில் ஃப்ரீ செய், பிறகு பியை. மாற்றிச் செய்தால் பெயரின் முகவரியை முறையாக எடுக்க வழியிருக்காது.

எதையும் திருத்துவதற்கு முன், இதே புரோகிராமை ஜிசிசியின் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து ஓட்டு. எந்த வரி எல்லை மீறி எழுதியது என்று அது காட்டும். அந்த அறிக்கையை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா